காது மிஷினும் இரண்டு அலுவலகங்களும்

1

போன மாதம் ஊரிலிருந்து என் சித்தப்பா மகன் அந்தோணி போன் செய்தான். போனில் யார் பேசினாலும் எனக்குப் பாதிதான் விளங்கும். காதில் மிஷின் இருந்தாலும், தகர டப்பாவுக்குள் கூழாங்கல்லைப் போட்டு உருட்டுவதுபோலத்தான் குரல் வரும். அதனால் ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிட்டுக் குனிந்து கேட்டேன்.

“அண்ணே, அங்க காது கேக்கலன்னாலும் பணம் குடுக்காவ, வேல இல்லன்னாலும் பணம் குடுக்காவ, ரெண்டையும் சேத்தே வாங்கலாம்னு நீங்கதான திருவிழாவுக்கு வந்தப்போ சொன்னிய? எனக்கு இப்ப முழங்கால் சரியில்லண்ணே. அந்தமானுக்கு வந்துட்டா ஒரு வழி பண்ணுவியளா?”

அடுப்படியில் நின்ற என் மனைவி ரெஜினா திரும்பிப் பார்த்தாள். மகள் ஜெனிபர் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. நான் போனை அணைத்தேன். டவர் போய்விட்டது என்று மறுநாள் அவனுக்கு ஒரு பொய் சொன்னேன்.

அவன் கேட்டதில் தப்பில்லை. நான்தான் சொன்னேன். முந்திய வருடம் திருவிழாவுக்கு வந்திருந்தபோது, கோயிலுக்குப் பின்னால் படகுகளின் மறைவில் உட்கார்ந்திருந்த பத்துப் பேர் நடுவில், “ரெண்டு ஆபீஸ், ரெண்டு ரிஜிஸ்டர், ரெண்டு பக்கமும் வாங்குதேன்” என்று சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். கெட்டிக்காரன் என்றார்கள். எனக்கும் அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

வெளியில் இருக்கிறவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதி அனுப்பினால் நம் கோயிலின் பங்கு மலரில் போடலாம் என்று பங்குச் சாமியார் கேட்டிருந்தார். துபாயில் இருப்பவர்களும் சிங்கப்பூரில் இருப்பவர்களும் தாங்கள் முன்னுக்கு வந்த கதையை எழுதுவார்கள். என்னிடம் இருப்பது இதுதான். அன்று சிரித்தவர்களுக்கு மிச்சக் கதையும் தெரியட்டும்.

2

நான் இங்கே வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. இப்போது அரசாங்கம் போர்ட் பிளேயருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியிருக்கிறது. படிவங்களில் புதுப் பெயரை எழுதுகிறோம். பஸ்ஸில் டிக்கெட் கேட்கும்போது பழைய பெயர்தான் வாயில் வருகிறது. நாங்கள் இருப்பது ஊருக்கு வெளியே சிப்பிகாட்டில், ஒரு தகரக் கூரை வீட்டில் வாடகைக்கு. சுற்றிலும் பாக்குத் தோட்டமும் காய்கறி நிலமும். கடலுக்குள் இருக்கிற தீவுதான், ஆனாலும் எங்கள் வாசலிலிருந்து கடல் தெரியாது.

தீவுக்குத் தீவு ஓடும் படகுகளில் எஞ்சின் அறையில் எண்ணெய் போடுகிற வேலை பார்த்தேன். நிரந்தர வேலை இல்லை, ஒப்பந்த வேலை. எஞ்சின் அறைக்குள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கத்தினாலும் கேட்காது. காதில் வைத்துக்கொள்ள ரப்பர் அடைப்பான் தந்திருந்தார்கள். உள்ளே இருக்கும் சூட்டில் வேர்த்து ஊறல் எடுத்து அரிக்கும் என்று நான் அதைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை.

எனக்குக் காது மந்தமாவதை முதலில் கண்டுபிடித்தவள் ஜெனிபர். அப்போது அவளுக்குப் பத்து வயது இருக்கும். “பாப்பா, டிவி ஏன் இவ்வளவு சத்தமா வெக்கிறீங்க?” என்றாள். அவள் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவாள். இங்கே இந்தி பேசுகிற பிள்ளைகள் எல்லோருக்கும் அப்பா என்றால் பாப்பாதான். ஊருக்கு வந்தபோது, இவ்வளவு பெரிய ஆளைப் பாப்பா என்கிறாளே என்று நீங்கள் சிரித்தது நினைவிருக்கும்.

ஒருநாள் படகு கரை கட்டும்போது மேலேயிருந்து கூவிய உத்தரவு எனக்குக் கேட்கவில்லை. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் அடுத்த தடவை ஒப்பந்தம் போட்டபோது பட்டியலில் என் பெயர் இல்லை.

ஆஸ்பத்திரியில் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து இரண்டு காதையும் சோதித்தார்கள். அந்தச் சோதனையில் நான் எந்தக் கள்ளத்தனமும் செய்யவில்லை. எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவுக்குத்தான் விரலைத் தூக்கினேன். மாற்றுத்திறனாளி அட்டை கிடைத்தது. மாதாமாதம் ஒரு உதவித்தொகையும் வர ஆரம்பித்தது. அது எனக்கு நியாயமாக உரியது. கொஞ்ச நாள் கழித்து ஒரு முகாமில் காது மிஷின் ஒன்றும் இலவசமாகக் கொடுத்தார்கள். காதுக்குப் பின்னால் மாட்டுகிற வகை, வலது காதுக்கு மட்டும். அதைப் போட்டால் நேரே பேசுகிற பேச்சு நன்றாகவே கேட்கும்.

3

வேலை இல்லாதவர்களுக்கும் ஒரு உதவித்தொகை உண்டு என்ற செய்தியை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வேலைவாய்ப்பு அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் பார்த்து நானே படிவம் வாங்கி வந்தேன். முழுவதும் இந்தி. இந்தியில் எனக்குப் பேச்சு வரும், அதுவும் படகுக்காரன் இந்தி. எழுத்து வராது.

ஜெனிபர் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு படிவத்தை நிரப்பினாள். அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். இந்தியில் அவள் எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். தமிழில் அவளுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும்.

பாதியில் பேனாவை நிறுத்தினாள். “பாப்பா, வேற எந்த சர்க்கார் பணமும் வாங்குறீங்களான்னு கேக்குறாங்க. வாங்கினா இது கிடையாதுன்னு கீழ போட்டிருக்கு. நாம வாங்குறோம்ல?”

“அது காதுக்கு. இது வேலைக்கு. ரெண்டும் வேற.”

“வேறன்னா வாங்குறோம்னே எழுதலாமே.”

“எழுதினா குடுக்க மாட்டாவ.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். ரெஜினா அடுப்படியிலிருந்து வந்து நிலையில் சாய்ந்து நின்றாள்.

“பிள்ள கையால எதுக்கு இத எழுத வைக்கிய? வேணும்னா நீங்க எழுதுங்க.”

“எனக்கு எழுதத் தெரிஞ்சா நான் ஏன் அவளக் கேக்கேன்?” என்று கத்தினேன். என் சத்தத்தின் அளவு எனக்கே தெரியாமல் போய் ரொம்ப நாளாகிறது. பக்கத்து வீட்டு வரைக்கும் கேட்டிருக்கும்.

ஜெனிபர் குனிந்து, நஹீ என்று எழுதினாள். இல்லை என்று அர்த்தம். அதற்குக் கீழே, மேற்கண்ட யாவும் உண்மை என்ற இடத்தில் நான் தமிழில் கையெழுத்துப் போட்டேன்.

உண்மையில் நான் அந்த இடத்தில் வாங்குகிறேன் என்றே எழுதியிருக்கலாம். காது மந்தமானவனும் வேலை தேடலாம், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. இரண்டில் எது கூடுதலோ அதை வைத்துக்கொண்டு மற்றதை விட்டிருக்கலாம். இதெல்லாம் எனக்கு அன்றைக்கும் தெரியும். அப்போது ரெஜினா ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். நாங்கள் பட்டினி கிடக்கவில்லை. பட்டினி கிடந்தோம் என்று எழுதினால் உங்களுக்கு என்மேல் இரக்கம் வரும், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன்.

4

அதற்குப் பிறகு எனக்கு இரண்டு அலுவலகம் ஆயிற்று. இரண்டுக்கும் நேரில் போய் முகத்தைக் காட்ட வேண்டும்.

வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போகும்போது மிஷினைக் காதில் மாட்டிக்கொண்டு, அது தெரியாதபடி முடியை இழுத்துவிட்டுக்கொண்டு போவேன். கூப்பிட்டதும் எழுந்து நிற்பேன். எந்த வேலையும் செய்யத் தயார், திடகாத்திரமாக இருக்கிறேன் என்று கையெழுத்துப் போடுவேன். நலத்துறை அலுவலகத்தில் வருடாந்தரச் சரிபார்ப்புக்குப் போகும்போது மிஷினைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வேன்.

மிஷின் போட்டிருந்தால் பணத்தை நிறுத்துவார்கள் என்று யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் பயந்தேன். பயம் வந்ததும் நடிப்பும் வந்துவிட்டது. உள்ள குறையோடு கொஞ்சம் கூட்டிக் காட்டினேன்.

எப்படிக் கூட்டிக் காட்டுவது என்று எனக்குத் தெரிந்திருந்தது. நம்மூரில் மீன் ஏலக் கூடத்தில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த சேவியர் அண்ணனை உங்களில் பலருக்கும் நினைவிருக்கும். பிறவியிலேயே காது கேட்காது. யாராவது ஏதாவது சொன்னால் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, “ஆ? ஆ?” என்பார். கூடவே ஒரு கோணல் சிரிப்புச் சிரிப்பார். எல்லோரிடமும் எதற்கோ மன்னிப்புக் கேட்பது மாதிரியான சிரிப்பு. சின்ன வயதில் அந்தச் சிரிப்பை என்னைப்போலச் செய்துகாட்ட ஆளில்லை. அவர் முதுகுக்குப் பின்னாலேயே நின்று செய்துகாட்டி மற்றப் பையன்களைச் சிரிக்கவைப்பேன். நாற்பது வயதுக்கு மேல், இந்தத் தீவில் ஒரு மேசைக்கு முன்னால் நின்று, அதே சிரிப்பைப் பணத்துக்காகச் சிரித்தேன்.

இரண்டு இடத்துக்கும் ஜெனிபர்தான் துணை. நலத்துறையில் மேசைக்குப் பின்னால் ஒரு பெங்காலி மேடம் இருந்தார். ஐம்பது வயது இருக்கும். கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பார். என் பெயர் லூர்துசாமி. அவர் அதை லார்ட் ஸ்வாமி என்று படிப்பார். முதல் தடவை அவர் என்னிடம் ஏதோ கேட்க, நான் கையைக் காதுக்குக் கொண்டுபோக, ஜெனிபர் குறுக்கே புகுந்து, “மேடம், இவங்களுக்கு ஒண்ணுமே கேக்காது. நாங்க வீட்டுல எழுதித்தான் காட்டுவோம்” என்று இந்தியில் சொன்னாள். பக்கத்தில் நின்றதால் அது எனக்குக் கேட்டது. வீட்டில் யாரும் எழுதிக் காட்டுவதில்லை. அவளிடம் அப்படிச் சொல்லச் சொல்லி நான் கேட்கவும் இல்லை. தட்டுத்தடுமாறாமல், முகம் மாறாமல் சொன்னாள்.

வெளியே வந்ததும் அபர்டீன் பஜாரில் அவளுக்கு ஒரு குளிர்பானம் வாங்கிக் கொடுத்தேன். அதை எதற்காக வாங்கிக் கொடுத்தேன் என்பதை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

5

சுமார் ஒன்றரை வருடம் இப்படியே ஓடியது. போன வருடம் மழைக்காலத்தில் ஒருநாள், வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஜெனிபர் பன்னிரண்டாவதுக்கு வந்திருந்தாள். பள்ளிக்கூட உடுப்போடு வந்திருந்தாள், மதியம் வகுப்புக்குப் போக வேண்டும். எனக்கு மிஷின் காதில்.

“லார்ட் ஸ்வாமி!”

நான் எழுந்து, “ஹான் ஜி!” என்றேன். எழுந்த பிறகுதான் யார் கூப்பிட்டது என்று பார்த்தேன். கயிற்றில் தொங்கும் கண்ணாடி. அதே மேடம். மாற்றலாகி இங்கே வந்திருக்கிறார்.

ஓடிவிடலாமா என்று நினைத்தேன். ஜெனிபர் என் சட்டைக் கையைப் பிடித்தாள். மேடம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது. ஆமாம், மலர்ந்ததுதான். எழுந்து நின்று கையை நீட்டி எங்களைக் கூப்பிட்டார்.

“இவ்வளவு தூரத்துல இருந்து கேட்டுடுச்சா? மிஷின் வாங்கியாச்சா? காட்டுங்க பாப்போம்!” இந்தியில்தான் சொன்னார். என் காதை எட்டிப் பார்த்துவிட்டு, பக்கத்து மேசைக்காரரிடம், “போன தடவை இவர் காதுக்குள்ள நான் கத்தினாலும் கேக்கல. இப்பப் பாருங்க” என்றார். அவருடைய சொந்தக்காரர் யாருக்கோ குணமானது மாதிரி அவ்வளவு சந்தோஷம்.

அவர் அதோடு விட்டிருக்கலாம். எங்களை உட்காரச் சொன்னார். ஒரு பள்ளிக்கூடத்தில் தண்ணீர் பம்பு ஓட்ட ஆள் கேட்டிருக்கிறார்கள், மாற்றுத்திறனாளிக்கு ஒதுக்கிய இடம், எஞ்சின் தெரிந்தவருக்கு ஏற்ற வேலை, உங்கள் பெயரை நானே எழுதி அனுப்புகிறேன் என்றார். அட்டையின் நகலைக் கோப்பில் சேர்க்க வேண்டும் என்று என் கோப்பை எடுத்துப் பிரித்தார்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்தைப் படித்தார். இரண்டாம் பக்கம். அங்கே நின்றுவிட்டார். மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு படிவத்தை எங்கள் பக்கம் திருப்பி, அந்த நஹீ மேல் விரலை வைத்தார். முகத்தில் இருந்த சந்தோஷம் போய்விட்டது.

“இதை நிரப்பியது யார்?”

“நான்தான், மேடம்” என்றாள் ஜெனிபர்.

“அந்தப் பணம் வருவது உனக்குத் தெரியாதா?”

“தெரியும். நானாத்தான் இப்படிப் போட்டேன். பாப்பாவுக்கு இந்தி படிக்கத் தெரியாது. இதுல என்ன எழுதியிருக்குன்னு அவருக்குத் தெரியாது.”

ஒவ்வொரு வார்த்தையும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. மேலே மின்விசிறி சுற்றுகிற சத்தம்கூடக் கேட்டது.

மேடம் என் பக்கம் திரும்பினார். “சச் ஹை?” என்றார். உண்மையா என்று கேட்கிறார். ஒரு வார்த்தை சொன்னால் போதும். எனக்கு அந்த இந்தி வார்த்தையும் தெரியும்.

மிஷினின் பின்பக்கத்தில் பாட்டரிக்கு ஒரு சின்னக் கதவு உண்டு. நகத்தால் நெம்பினால் திறந்துகொள்ளும், மிஷின் நின்றுவிடும். நான் காதைச் சொறிவதுபோலக் கையைக் கொண்டுபோய் அதை நெம்பினேன். உலகம் அடைத்துக்கொண்டது. காதுக்குப் பின்னால் கையை வைத்து, “ஆ? ஆ?” என்றேன். அந்தச் சிரிப்பும் தானாக வந்தது.

அதற்கு மேல் மேடம் என்னைப் பார்க்கவில்லை. ஜெனிபரிடம் ஏதோ நெடுநேரம் பேசினார். பேசும்போது ஒரு தடவை மேசையைத் தட்டினார். ஜெனிபர் தலையை ஆட்டினாள். கண்ணைத் துடைத்தாள். மேடம் கோப்பின் ஓரத்தில் ஏதோ எழுதினார். அவள் கையெழுத்துப் போட்டாள். நான் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து இதையெல்லாம் ஊமைப் படம் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நான். ஜங்லிகாட்டில் கூட்டம் ஏறியது. மீன்கூடை வைத்திருந்த ஒரு அம்மாள் எங்களை நெருக்கிக்கொண்டு நின்றாள். நான் மிஷினின் பாட்டரிக் கதவை இன்னும் மூடியிருக்கவில்லை. மூடினால் கதவைத் திறந்தது தெரிந்துவிடும் என்று அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஜெனிபர் அன்று பள்ளிக்கூடம் போகவில்லை.

6

நான்கு நாள் வீட்டில் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஜெனிபரும் சொல்லவில்லை. மிஷின் கெட்டுப்போச்சா என்று ரெஜினா கேட்டதற்கு, பாட்டரி தீர்ந்திருந்தது என்றேன். ஐந்தாம் நாள் காலையில் சட்டை போட்டுக்கொண்டு தனியாகக் கிளம்பினேன். தைரியம் வந்ததால் போனேன் என்று சொல்ல மாட்டேன். அவள் எதிரே வரும்போதெல்லாம் என்னால் சோற்றுத் தட்டிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை, அதனால் போனேன்.

மேடம் என்னை உட்காரச் சொல்லவில்லை. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த இந்தி வாக்கியத்தைச் சொன்னேன். கோப்பைக் காட்டி, “யே மேரா ஜூத்தா ஹை” என்றேன். இது என்னுடைய பொய் என்று சொல்வதாக நினைப்பு.

அவர் எழுந்து மேசைக்கு மேலாக எட்டி என் காலைப் பார்த்தார்.

பொய்க்கு அவர்கள் சொல்லும் வார்த்தை வேறு. நாக்கை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் நாக்குக்கு அது வராது. நான் சொன்னதற்கு அர்த்தம், இது என்னுடைய செருப்பு என்பது. பக்கத்து மேசைக்காரர் சிரித்துவிட்டார். வேறு நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். மறுபடி சொன்னேன். மறுபடியும் செருப்புதான் வந்தது. கடைசியில், “ஃபால்ஸ், மேடம். மை ஃபால்ஸ். டாட்டர் நோ. ஐ டெல், ஷி ரைட்” என்றேன். மிஷினைக் கழற்றி அவர் முன்னால் வைத்து, பாட்டரிக் கதவை நெம்பித் திறந்து காட்டினேன். அன்றைக்கு இப்படித்தான் செய்தேன் என்று கையாலேயே சொன்னேன்.

அவர் மிஷினை என் பக்கம் தள்ளினார். போட்டுக்கொள் என்று சைகை காட்டினார். நான் போட்டுக்கொண்டதும், மெதுவாக, எனக்குப் புரியும்படி எளிய இந்தியில் பேசினார்.

“உங்கள் பெண்ணிடம் அன்றைக்குச் சொன்னேன், அடுத்த வருஷம் நீயும் இந்த ஆபீஸுக்குத்தான் பெயர் பதிய வருவாய், அப்போது இந்தக் குறிப்பு உன்னைத் துரத்தும் என்று. அவள் என்ன சொன்னாள் தெரியுமா? என் பேரை எழுதிக்கோங்க, பாப்பாவோட காதுப் பணத்தை மட்டும் நிறுத்திடாதீங்க, அது நிஜம் என்றாள்.”

“டாட்டர் நோ, மேடம்” என்றேன் மறுபடியும்.

“எழுதிக் கொண்டு வாருங்கள்” என்றார். “வாயால் சொன்னதை நான் கோப்பில் வைக்க முடியாது.”

வாங்கிய பணத்தைத் தப்பாக வாங்கினேன் என்று எழுதிக் கொடுக்கப் படிவம் எதுவும் கிடையாது. வெள்ளைத்தாளில் மனு எழுத வேண்டும். இத்தனை வருடமாக என் மனுவெல்லாம் எழுதியது ஜெனிபர். இதை அவள் கையால் எழுதவைக்கக் கூடாது என்று அபர்டீன் பஜாரில் மணிக்கூண்டுப் பக்கம் டைப் அடிக்கும் தமிழர் ஒருவரிடம் போனேன். ராமநாதபுரத்துக்காரர். தெருவோரம் மேசை போட்டிருப்பார்.

“என்ன விஷயமா மனு?” என்றார்.

சொன்னேன். அவர் இரண்டு கையையும் தாழ்த்தி, “அண்ணாச்சி, மெல்லச் சொல்லுங்க, பஜாருக்கே கேக்குது” என்றார்.

மெல்லத்தான் சொல்கிறோம் என்று நான் நினைத்திருந்தேன். திரும்பிப் பார்த்தால் டீக்கடையில் நின்றவர்கள் கிளாஸைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் நம் பக்கத்துக்காரர், ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசைக்கு வருகிறவர். குரலை எவ்வளவு தாழ்த்தினால் போதும் என்று எனக்குத் தெரியவில்லை. டைப் அடிக்கிறவர் ஒவ்வொரு வரிக்கும் கேள்வி கேட்டார், நானும் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். என் மகளுக்கு எதுவும் தெரியாது என்று போடவா என்றார். அப்படி வேண்டாம், அவள் மறுத்தும் நான் எழுதவைத்தேன் என்று போடுங்கள் என்றேன்.

அந்த வாரப் பூசையில் பக்கத்தில் நிற்பவருக்குச் சமாதானம் சொல்லும் நேரத்தில் இரண்டு பேர் எனக்குக் கை கொடுக்கவில்லை. நான் அவர்களிடம் அதை எதிர்பார்க்கவும் இல்லை.

7

வேலையில்லாதோர் தொகையை நிறுத்திவிட்டார்கள். வாங்கியதைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று கடிதம் வந்தது. அதைக் கட்டி முடிக்கிறவரை காதுக்கான தொகையிலிருந்து மாதாமாதம் பிடிக்கிறார்கள். பம்பு ஓட்டும் வேலைக்கு என் பெயர் போகவில்லை. அதை மேடம் என்னிடம் நேராகவே சொன்னார்: “இனி நான் எழுத முடியாது, மனசு இருக்கிறது, முடியாது.” ஆனால் கோப்பின் ஓரத்தில் ஜெனிபர் பெயரில் எழுதியிருந்த குறிப்பைச் சிவப்பு மையால் என் கண்முன்னால் அடித்தார். அதன் பக்கத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். அவ்வளவு மனதார நான் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டதில்லை.

இப்போது ஜங்லிகாட்டில் டிங்கி என்கிற சின்னப் படகுகளின் எஞ்சின் பழுது பார்க்கும் ஒரு பட்டறையில் இருக்கிறேன். முதலாளி தெலுங்குக்காரர். நாள் முழுக்க எஞ்சின் ஓடுகிற இடத்தில் வேலைக்கு ஆள் நிற்பதில்லை, உனக்கு அந்தத் தொல்லை இல்லை என்று சிரித்துக்கொண்டே சேர்த்துக்கொண்டார். காதில் அடைப்பான் போட்டுக்கொண்டுதான் வேலை செய்கிறேன். மிச்சம் இருப்பதையாவது காப்பாற்ற வேண்டும்.

ரெஜினாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் அன்றைக்குச் சமைக்கவில்லை. மறுநாள் சமைத்தாள்.

ஜெனிபரிடம் மனு கொடுத்ததைச் சொன்னேன், குறிப்பை அடித்ததைச் சொன்னேன். பாட்டரிக் கதவைச் சொல்ல வாய் வரவில்லை. அன்றைக்கு மிஷின் நின்றுபோய் எனக்கு எதுவும் கேட்கவில்லை என்றே அவள் நினைத்துக்கொண்டிருக்கட்டும் என்று மாதக்கணக்கில் இருந்துவிட்டேன். அவள் பரீட்சை எழுதினாள், கல்லூரியில் சேர்ந்தாள். சேர்க்கைப் படிவத்தை அவளே நிரப்பினாள். நான் அதைப் பார்க்கக் கேட்கவில்லை.

அந்தோணி போன் வந்ததற்கு அடுத்த நாள் சாயங்காலம், ரெஜினா கடைக்குப் போயிருந்தபோது, நானும் அவளும் மட்டும் வீட்டில் இருந்தோம். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் போய் எதிரே உட்கார்ந்தேன்.

“அன்னைக்கு ஆபீஸ்ல நீ சொன்னது எனக்குக் கேட்டுச்சும்மா” என்றேன். “முழுசாக் கேட்டுச்சு. மேடம் என்னக் கேட்டதும் கேட்டுச்சு. நான்தான் மிஷின நிறுத்தினேன்.”

அவள் மடித்துக்கொண்டிருந்த சட்டையை மடித்து முடித்தாள்.

“தெரியும்” என்றாள்.

“எப்படித் தெரியும்? நான் நிறுத்தினதப் பாத்தியா?”

“அத பாக்கல. மிஷின் நின்னுபோனா நீங்க யார் பேசுனாலும் அவங்க வாயையேதான் பாப்பீங்க, பாப்பா. அன்னைக்கு நானாத்தான் எழுதினேன்னு நான் சொன்னப்போ நீங்க தரையப் பாத்துட்டிருந்தீங்க.”

சொல்லிவிட்டு அடுத்த துணியை எடுத்தாள். அவள் முகத்தில் கோபம் தெரியவில்லை.

இத்தனை மாதமும் அதைத் தெரிந்துகொண்டேதான் அவள் என்னோடு இருந்திருக்கிறாள். சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறாள், பஸ் நேரம் சொல்லியிருக்கிறாள், காலேஜில் நடந்ததைச் சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் என் முகத்துக்கு நேரே திரும்பி, எனக்குக் கேட்க வேண்டும் என்று, குரலை உயர்த்தி.